சிராம்பூரில் ஒரு சமபந்தி

கல்கத்தாவிற்கு வடக்கே, ஹூக்ளி நதியின் மேல்கரையில் உள்ள ஊர் சிராம்பூர். வங்க மொழிக்கு இலக்கணமும் அகராதியும் இயற்றிய வில்லியம் கேரி வாழ்ந்து மறைந்த ஊர் அது. அவருடைய தமிழ்த்தொண்டு என்ன என்று என்னைக் கேளாதீர்கள். நான் அவரைப் போற்றுவது, அவ்வூரில் அவர் வளர்த்த சிறியதொரு பாப்டிஸ்ட் சபைக்காக.

1761-இல் இங்கிலாந்தில் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார் கேரி. செருப்புத் தைத்துப் பிழைத்தார். தைத்துக்கொண்டே இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் பயின்றார். 1793-இல் வங்கம் வந்து அவுரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளை விரும்பவில்லை. ஆகவே 1800-இல், டேனியர் ஆண்ட சிராம்பூரில் குடியேறினார். மார்ஷ்மனும் வார்டும் துணை நின்றனர். அவ்வாண்டு ஏப்ரலில் சபை தோன்றியது.

ஏழாண்டு உழைத்தும் வங்காளி ஒருவரும் அதுவரை ஞானஸ்நானம் பெறவில்லை. அந்த டிசம்பரில் கிருஷ்ண பால் என்னும் தச்சரும், அவர் நண்பர் கோகுலும் மிஷனரிகளோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். ஊர் கொதித்தது! கூட்டம் கூடித் தச்சரை அதிகாரிமுன் இழுத்துச் சென்றது. டேனிய அதிகாரி அவரை விடுவித்தார். டிசம்பர் 28-இல் அவர் ஹூக்ளியில் ஞானஸ்நானம் பெற்றார்.

1803-இல் அந்தணராய்ப் பிறந்த கிருஷ்ண பிரசாத், அத்தச்சரின் மகளை மணந்தார். அவ்வாண்டே கோகுல் இறந்தார். அவருடைய சவப்பெட்டியை மார்ஷ்மனும், கேரியின் மகன் ஃபெலிக்சும், அந்தணராய்ப் பிறந்த ஒருவரும், முஸ்லிமாய்ப் பிறந்த ஒருவரும் தோளில் சுமந்தனர்.

நம் தரங்கம்பாடியும் டேனியர் ஆண்ட ஊரே. சீகன்பால்கு அங்கே 1706-இலேயே வந்திறங்கினார். ஆயினும் அங்குத் தேவாலயத்திற்குள்ளும் சாதி பார்த்து இடம் பிரித்தனர். இவ்விரண்டு ஊர்களையும் எண்ணிப் பார்க்கும்போது என் நெஞ்சம் நாணுகிறது.

கேரியின் வாழ்வில் நிழலும் உண்டு. மனைவி டாரத்தி கடல் கடக்க மனமின்றி உடன் வந்தவர். 1794-இல் மகன் பீட்டரை இழந்தார். மனநிலை குலைந்து 1807-இல் மறைந்தார். கணவரின் தொண்டுக்கு அந்த அம்மையாரும் விலை கொடுத்தார் என்பதை மறத்தலாகாது.

1829-இல் உடன்கட்டையைத் தடுத்த சட்டம் மொழிபெயர்ப்பிற்காக வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. கேரி பிரசங்கத்தை விட்டுவிட்டு அன்றே அதனை வங்கத்தில் பெயர்த்தார். 1834-இல் சிராம்பூரிலேயே கண்மூடினார்.

மேடையில் சாதியை ஒழிப்பது எளிது, தோழர்களே. பந்தி, மணம், பாடை, இம்மூன்று இடங்களில்தான் அது ஒளிந்து கிடக்கிறது. அச்சிறு சபை மூன்றாண்டிற்குள் மூன்றிலும் அதனை வென்றது. பட்டம் பெற்று ஊர் திரும்பும் நாம் எத்தனை இடங்களில் வெல்வோம்?