பிளீக்கரும் பொடி மீன்களும்



மலர்க்குழுவினர் விலங்கியல் துறை சார்பில் ஒரு கட்டுரை கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் பீட்டர் பிளீக்கர். நம் துறையில் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. எத்தனையோ மீன்களின் அறிவியல் பெயருக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, அதேதான். ஆனால் ஆள் யார் என்று கேட்டால் பலரும் விழிப்போம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1819 ஜூலை 10 அன்று ஹாலந்தில் ஸான்டாம் என்ற ஊரில் பிறந்தார். இளவயதில் மருந்துக்கடையில் தொழில் பழகி, பிறகு மருத்துவம் படித்தார். 1842-இல் ராணுவ மருத்துவராகப் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பல் ஏறினார். 1860 வரை அங்கே வேலை. பகலெல்லாம் நோயாளிகள், மிச்ச நேரமெல்லாம் மீன்.

மீனவர்களிடம் வாங்கினார். தீவுகளில் வேலை பார்த்த அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் எழுதி, சாராயத்தில் ஊறப்போட்டு அனுப்பச் சொன்னார். இப்படிச் சேர்ந்தவை 12,000-க்கும் மேல்! 500-க்கும் அதிகமான கட்டுரைகள், 1,900-க்கும் மேற்பட்ட புதிய இனங்கள். ஒரு மனிதர் செய்த வேலையா இது என்று மலைப்பாக இருக்கிறது. லைடன், உட்ரெக்ட் பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன.

இதில் எனக்குப் பிடித்த பகுதி கோபி மீன்கள். நம்ம ஊரில் உளுவை என்கிறோமே, அந்தக் கூட்டம். கெண்டையையும் விராலையும் யார் வேண்டுமானாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். பவளப்பாறைக் கோபிகளிடம் அந்தப் பேச்சே நடக்காது. பல இனங்கள் சுண்டுவிரல் நீளம்கூட வளராது. உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடும் இவற்றுக்குக் கிடையாது. செதில் வரிசையை எண்ணணும், துடுப்பின் முள்ளையும் கதிரையும் எண்ணணும், பல், நாக்கின் நுனி எல்லாம் பார்க்கணும். கன்னத்துக் கோடும் புள்ளியும் சாராயத்தில் போட்டால் சில நாளில் வெளுத்துவிடும். ஐரோப்பாவில் உட்கார்ந்து ஜாடி மீனைப் பார்த்தவர்களுக்கு இல்லாத வசதி பிளீக்கருக்கு இருந்தது. மீன் புதிதாக இருக்கும்போதே நிறத்தைப் பார்த்து எழுத முடிந்தது.

பவளக் கிளைகளுக்குள் வாழும் கோபியோடான், மணலை வாயில் அள்ளிச் சலித்துத் தின்னும் வாலென்சியென்னியா ஆகிய பேரினங்களுக்கு 1856-இல் பெயர் வைத்தவர் இவர். 1874-இல் கோபி கூட்டம் முழுவதையும் வரிசைப்படுத்தி ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். கோபிகளின் இடுப்புத் துடுப்புகள் இரண்டும் ஒட்டிக் கிண்ணம் போல இருக்கும். அதை வைத்துப் பாறையில் பற்றிக்கொள்ளும். ஒட்டியதா, பிரிந்ததா என்பதைப் பிளீக்கர் முக்கிய வரப்பாக வைத்தார். பிரிந்தவை எலியோட்ரிஸ் பக்கம் போயின. வளை தோண்டும் இறாலுக்குக் காவல் நிற்கும் கோபி ஒன்றுக்கு அவர் அம்ப்ளியெலியோட்ரிஸ் என்று பெயரிட்டது அதனால்தான்.

அந்த வரப்பு நிலைக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டில் எலும்புகளைப் பார்த்தார்கள். செவுளின் அடியில் உள்ள எலும்புக் கம்பிகள் கோபிகளில் 5, எலியோட்ரிஸ் குடும்பத்தில் 6. அம்ப்ளியெலியோட்ரிஸ், வாலென்சியென்னியா இரண்டும் அசல் கோபிகளே என்று ஆயிற்று. துடுப்பு பிரிந்திருப்பது பின்னால் வந்த மாற்றம். குடும்பம் மாறியும், அவர் வைத்த பெயர்கள் மட்டும் அழியவில்லை, பாருங்கள்!

ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். எந்த மீனைப் பார்த்து முதலில் விவரித்தார் என்று தனியாகக் குறித்து வைக்கவில்லை. பிறகு கிடைத்தவற்றையும் அதே ஜாடியில் போட்டார். ஜாடியில் ஆறு மீன் இருந்தால் மூலமீன் எது? அளவையும் எண்ணிக்கையையும் வைத்துத் தேடியே பின்னால் வந்தவர்களின் நாட்கள் கழிந்தன.

நாடு திரும்பியபின் 1862 முதல் வண்ணப்படங்களோடு பெரிய மீன் அட்லஸை வெளியிடத் தொடங்கினார். 9 தொகுதிகள் வந்தன. கோபிகளின் முறை வருவதற்குள், 1878 ஜனவரி 24 அன்று தி ஹேக் நகரில் காலமானார். வெளிவராமல் கிடந்த படத்தகடுகளை 1983-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அச்சிட்டது. அதற்குள் நூறு ஆண்டு ஓடிவிட்டது.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கரைவலையில் மிஞ்சும் பொடி மீனைக் கூளம் என்று ஒதுக்காதீர்கள், உட்கார்ந்து எண்ணுங்கள். எண்ணியதும் சீட்டு எழுதி அந்த மீனோடவே போட்டு வையுங்கள். பிளீக்கரைப் போல உழைப்பது நம்மில் பலருக்கு முடியாது. அவர் விட்ட அந்தச் சின்ன வேலையை யாரும் செய்யலாம்.