ஜான் மெர்ஸர் சரிதம்

நெசவுத் தொழிலிற் பழகிய நம் சங்கத்து அன்பர்கள் 'மெர்ஸரைஸ்' நூலை நன்கறிவர். பட்டினைப்போற் பளபளக்கும் அப்பருத்தி நூலைக் கையாள்வோருள்ளும், அப்பெயர் ஒரு மனிதரது பெயரினின்றும் பிறந்ததென அறிந்தார் சிலரே. தறியடியில் வளர்ந்து, தம் முயற்சியாலேயே இரசாயன நூல் வல்லுநராய் விளங்கிய அப்பெரியாரின் வரலாறு நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியர்க்குச் சொல்லத் தக்கதாகலின், ஈண்டுச் சுருங்க எழுதுவாம்.

ஜான் மெர்ஸர் 1791-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள், இங்கிலாந்து தேசத்து லங்காஷயரில், கிரேட் ஹார்வுட் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் கைத்தறி நெசவாளர். மெர்ஸர் ஒன்பது வயதிலேயே தார் சுற்றும் வேலையில் அமர்ந்தார். பின்னர்த் தறியேறி நெய்யலானார். அவருக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தவர், ஓக்கன்ஷா என்னும் இடத்துத் துணி அச்சடிக்கும் சாலையிற் சித்திர மாதிரி வரையும் ஒருவர்.

பதினாறாம் வயதில், தம் வீட்டுக் குழந்தை உடுத்திருந்த செம்மஞ்சள் ஆடையின் நிறம் அவருள்ளத்தைக் கவர்ந்தது. இந்நிறம் எங்ஙனம் உண்டாயிற்று என்னும் வினா அன்று தொட்டு அவரை விட்டு நீங்கவில்லை. சாயப் பொருள்களை வாங்கித் தாமே துணிகளைத் தோய்த்துப் பார்க்கத் தொடங்கினார். 1809-இல் ஓக்கன்ஷா சாலையின் சாயப் பகுதியில் தொழில் பயிலச் சேர்ந்தார். ஆயின் நெப்போலியன் காலத்துப் போரினால் வாணிகம் குன்றவே, மீண்டும் தறிக்குத் திரும்ப நேர்ந்தது.

அந்நாளில் தம் மணத்திற்கு அனுமதிச் சீட்டுப் பெறும் பொருட்டுப் பிளாக்பர்ன் நகரஞ் சென்றவர், பழம் புத்தகக் கடையொன்றில் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் இயற்றிய சிறு இரசாயன நூலைக் கண்டு வாங்கினார். மணச்சீட்டோடு ஆசானும் வீடு வந்து சேர்ந்தனர் எனலாம். அச்சடித் துணிக்கேற்ற நல்ல செம்மஞ்சட் சாயம் அக்காலத்தில் இல்லை. மெர்ஸர் ஆன்டிமனியையும் கந்தகத்தையும் கூட்டி அதனை ஆக்கினார். இளமையில் எழுந்த வினாவிற்குத் தாமே விடை கண்டார். 1818-இல் ஓக்கன்ஷா சாலையார் அவரைத் தம் இரசாயனராக அமர்த்தினர். 1825-இல் கூட்டாளியாகவும் ஏற்றனர்.

1844-இல் வலிய காரஸோடாக் கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டியபொழுது, அத்துணி சுருங்கித் தடித்து, ஒளி ஊடுருவுந் தன்மை யெய்தியிருக்கக் கண்டார். பிறராயின் கெட்ட துணியென்று எறிந்திருப்பர். அவரோ காரணந் தேடினார். பருத்தி இழை இயல்பில் முறுக்குண்ட தட்டை நாடா போல்வது. காரம் உட்புகின் உப்பி உருண்டை வடிவெய்தும். அதனால் துணியின் வலிமை மிகும். சாயமும் ஆழப் பற்றும். இம்முறைக்கு 1850-இல் உரிமைப் பத்திரம் பெற்றார். 1852-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராயினார்.

எனினும் அம்முறை அவர் வாழ்நாளிற் பரவவில்லை. காரஸோடாவின் விலை அதிகம்; துணியோ நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேலும் குறைந்தது. அளந்து விற்கும் வணிகர் அளவு குறையும் துணியை விரும்புவரோ? 1866-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் மெர்ஸர் காலமானார்.

1890-ஆம் ஆண்டளவில் ஹொரேஸ் லோ என்பார், அதே காரத்தில் தோய்ந்த பருத்தியைச் சுருங்கவொட்டாது இழுத்துப் பிடித்துக் கழுவினார். அளவும் குறையவில்லை, பட்டின் ஒளியும் தோன்றிற்று. 1895-இல் ஜெர்மனியிலுள்ள கிரேபெல்டு நகரத்துத் தாமஸ், பிரெவோ என்னும் இருவர் இதனைப் பெருந்தொழிலாக்க முற்பட்டனர். அதன்பின் அது உலகெங்கும் பரவியது.

மெர்ஸர் வலிமையையும் நிறத்தையும் கண்டார். ஒளியைக் காண இன்னும் ஓரடியே எஞ்சியிருந்தது. அவ்வடியை வைத்தவர் வேறாயினும், உலகம் மெர்ஸர் பெயரையே அத்தொழிலுக்கு இட்டு வழங்குகின்றது. அடி கோலியவரை அது மறக்கவில்லை.

அன்பர்காள்! தறியருகே நிற்கும் நும் பிள்ளை, இச்சாயம் ஏன் பற்றுகின்றது, அச்சாயம் ஏன் வெளுக்கின்றது என வினவின், வேலை கெடுமென்று வாயடக்காதீர். விடை தெரியாவிடின், அதனைக் கற்றற்குரிய ஒரு நூலையேனும் வாங்கிக் கொடுமின். தார் சுற்றிய சிறுவனொருவன் பேரறிஞன் ஆதற்கு ஒரு வினாவும் ஒரு பழம் புத்தகமுமே தொடக்கமாயின.