கால்வாய் வெட்டிய கவர்னர்

பொதுப்பணி செய்பவருக்குச் சம்பளம் கிடைக்காது, ஏச்சு மட்டும் தவறாமல் கிடைக்கும். நம் சங்கத்தில் பொறுப்பு வகித்தவர்களுக்கு இது தெரியும். அப்படிப்பட்ட ஒருவர்தான் அமெரிக்காவின் டிவிட் கிளின்டன்.

1769-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க் நகர மேயராகப் பல ஆண்டுகள் இருந்தார். 1812-ல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் அவர் மனம் முழுக்க ஒரு கால்வாயில்தான் இருந்தது. ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைத்தால் உள்நாட்டுச் சரக்கு படகிலேயே கடல் துறைமுகம் வந்துவிடும். தூரம் 363 மைல். ஏரியோ ஆற்றைவிட 500 அடிக்கும் மேல் உயரத்தில் இருந்தது.

1810 முதல் கால்வாய் ஆணையத்தில் சம்பளமின்றி உழைத்தார். மத்திய அரசு நிதி தரும் என்ற நம்பிக்கை 1817 மார்ச்சில் அதிபர் மேடிசனின் மறுப்பால் போயிற்று. மாநிலமே கடன் பத்திரம் வெளியிட்டது. ஆரம்பத்தில் வாங்கியவர்களில் பலர் சிறு முதலீட்டாளர்கள். சாமானியர்களின் டெபாசிட்டை வைத்திருந்த ஒரு சேமிப்பு வங்கியும் நிறைய வாங்கியது. வங்கியில் வேலை பார்த்த எனக்கு இது மிகவும் பிடித்த பகுதி.

அதே ஆண்டு கிளின்டன் கவர்னரானார். ஜூலை 4-ல் வேலை தொடங்கியது. சமதரையான நடுப்பகுதியை முதலில் வெட்டினார்கள். முடிந்த பகுதி உடனே சுங்கம் ஈட்டத் தொடங்கியது. கால்வாயின் அகலம் 40 அடி, ஆழம் 4 அடி. படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்க 83 லாக்குகள். எதிரிகள் இதைக் கிளின்டனின் சாக்கடை என்று கேலி செய்தார்கள்.

வேலை முடியும் தறுவாயில், 1824 ஏப்ரலில், அரசியல் எதிரிகள் அவரை ஆணையத்திலிருந்தே நீக்கினார்கள். மக்கள் கொதித்துப் போனார்கள். அந்த ஆண்டு இறுதியில் நடந்த தேர்தலில் அவரையே மீண்டும் கவர்னராக்கினார்கள்.

1825 அக்டோபர் 26-ல் பஃபலோவிலிருந்து படகில் கிளம்பிய கிளின்டன், நவம்பர் 4-ல் நியூயார்க் சேர்ந்து ஏரி நீரைக் கடலில் ஊற்றினார். முன்பு ஒரு டன் சரக்கை பஃபலோவிலிருந்து நியூயார்க் கொண்டுசெல்ல சுமார் 100 டாலர் ஆனது. கால்வாய் வந்தபின் அது 10 டாலருக்கும் கீழே இறங்கியது. கால்வாய்க்கு ஆன சுமார் 70 லட்சம் டாலரைச் சுங்கமே திருப்பித் தந்தது. போக்குவரத்து பெருகியதால் 1836 முதல் கால்வாயை 70 அடி அகலம், 7 அடி ஆழமாகப் பெரிதாக்கினார்கள்.

கிளின்டன் அதைப் பார்க்கவில்லை. 1828 பிப்ரவரி 11-ல், பதவியில் இருக்கும்போதே இறந்தார். மாநிலத்துக்கு வருமானம் தேடித் தந்தவர் விட்டுச் சென்றது கடன்தான். சொந்தமாகக் கல்லறை இல்லாமல், இன்னொருவர் குடும்பக் கல்லறையில் அவர் உடலை வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்தே புரூக்ளினில் அவருக்கென்று ஓர் இடம் கிடைத்தது.

அடுத்த பொதுக்குழுவில் நம் நிர்வாகிகளிடம் கணக்கு கேளுங்கள், அது நம் உரிமை. கேட்டு முடித்ததும் ஒரு நன்றியும் சொல்லிவிடுங்கள்.