அம்மாவுக்காகப் பிறந்த மாத்திரை: மார்கரெட் சாங்கர் கதை

தர்மபுரி மாவட்டத்துல உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் ‘மாலா-என்’ கருத்தடை மாத்திரையை இலவசமா கேட்டு வாங்கலாம். கருத்தடை மாத்திரைன்னு ஒண்ணு உருவானதுக்குப் பின்னால, 1879-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த மார்கரெட் சாங்கரின் பிடிவாதம் இருக்கு தெரியுமா?

அவரோட அம்மா 18 முறை கர்ப்பமானவர். காசநோயில் உடல் தேய்ந்து, ஐம்பதை ஒட்டிய வயதில் இறந்துட்டார். பின்னர் நர்ஸான மார்கரெட், 1916-ல் புரூக்ளினில் அமெரிக்காவின் முதல் கருத்தடை கிளினிக்கைத் திறந்தார். சில நாள்லயே போலீஸ் மூடிடுச்சு. 30 நாள் சிறைத்தண்டனை வேற. 1935-ல் வார்தா வந்து காந்தியிடமும் வாதாடிப் பார்த்தார். காந்தி சம்மதிக்கலை.

விழுங்கினா போதும்ங்கிற ஒரு மாத்திரை வேணும்ங்கிறது அவர் கனவு. 1950-களில் விஞ்ஞானி கிரிகோரி பின்கஸை அதில் இறக்கிவிட்டார். கேத்தரின் மெக்கார்மிக் பணம் கொடுத்தார். 1956-ல் புவெர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் பெரிய அளவில் சோதனை நடந்துச்சு. 17 சதவிகிதம் பேருக்குக் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி. அங்கிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே எச்சரித்தும், பெரும்பாலும் மனப்பிரமைன்னு பின்கஸ் ஒதுக்கிட்டார். 1960-ல் மாத்திரைக்கு அனுமதி கிடைச்சது. ரத்தக்கட்டி ஆபத்து அப்புறம்தான் வெளியே வந்துச்சு.

‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறக் கூடாதுங்கிற யூஜெனிக்ஸ் கருத்தை மார்கரெட் ஆதரிச்சதும் மறைக்க முடியாத கறை. 1966-ல் அவர் இறந்தார். 1970-ல் அமெரிக்க செனட் விசாரணையில் பெண்கள் குரல் எழுப்பிய பிறகே, பக்கவிளைவு பற்றிய துண்டுச்சீட்டு மாத்திரையோடு வர ஆரம்பிச்சது.

இன்றைய மாத்திரையில் ஹார்மோன் பல மடங்கு குறைவு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி.

மாலா-என் போன்ற கூட்டு மாத்திரை: ஆரம்பத்தில் குமட்டல், தலைவலி, மார்பக வலி வரலாம்; ரத்தக்கட்டி அரிது. உயர் ரத்த அழுத்தமோ, கண்ணில் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலியோ இருந்தா வேண்டாம்.

அந்தரா ஊசி, 3 மாதத்துக்கு ஒருமுறை: மாதவிடாய் தாறுமாறாகலாம், நின்னும் போகலாம்; எடை கூடலாம். நிறுத்தின பிறகு கர்ப்பம் தரிக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

ஹார்மோன் ஐ.யு.டி: முதல் சில மாதம் திட்டுத்திட்டா ரத்தம் படலாம், பிறகு மாதவிடாய் குறையும்.

உடம்பு ஒத்துக்கலைன்னா, பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்காதீங்க; சொல்லாம பாதியில் நிறுத்தவும் செய்யாதீங்க. டாக்டர்கிட்டயோ கிராம சுகாதார செவிலியர்கிட்டயோ சொல்லி வேற முறைக்கு மாறுங்க. அன்னிக்கு புவெர்ட்டோ ரிக்கோ பெண்கள் சொன்னதை யாரும் காதுல வாங்கலை. நீங்க கேட்க வையுங்க!