திருமகளைக் குடியமர்த்திய கவி

மகாகவி ரவீந்திரநாத் தாகூரை (1861–1941) ‘கீதாஞ்சலி’யின் ஆசிரியராக உலகம் போற்றுகிறது. பாழ்பட்ட கிராமம் ஒன்றை உயிர்ப்பிக்க அவர் ஆற்றிய தவத்தை அறிந்தோர் சிலரே.

1890-களில் குடும்ப நிலங்களை நிர்வகிக்கும் பொருட்டுத் தாகூர் கிழக்கு வங்காளம் சென்றார். ஷிலாய்தஹா, பதிசர் முதலிய இடங்களில், கடனிலும் நோயிலும் உழன்ற குடியானவர்களைக் கண்டு அவர் உள்ளம் உருகியது. அவர்களை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க, 1905-இல் பதிசரில் விவசாய வங்கி தொடங்கினார். 1913-இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் அதிலேயே இட்டார். அதற்கு முன்பே, 1906-இல், மகன் ரதீந்திரநாத்தை வேளாண்மை பயில அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தார். செல்வர்வீட்டுப் பிள்ளைகள் பாரிஸ்டர் பட்டம் நாடி இங்கிலாந்து சென்ற காலம் அது!

சாந்திநிகேதனுக்கு அருகிலுள்ள சுருல், ஒருகாலத்தில் செழித்திருந்த ஊர். மலேரியாவும் வறுமையும் மக்களைக் குறைத்தன. இடிந்த வீடுகளைப் புதர் மூடியது. அங்கிருந்த பழைய மாளிகையையும் நிலத்தையும் தாகூர் 1912-இல் வாங்கினார். 1922 பிப்ரவரி 6 அன்று கிராமப் புனரமைப்புப் பணி அங்கே தொடங்கியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற ஆங்கிலேயர் லியோனார்டு எல்ம்ஹர்ஸ்ட் தலைமை ஏற்றார். அமெரிக்கப் பெண்மணி டோரதி ஸ்ட்ரெயிட் பொருளுதவி புரிந்தார். திருமகள் உறையும் இடம் என்னும் பொருளில் அந்நிலையம் ஸ்ரீநிகேதன் எனப் பெயர் பெற்றது.

அங்கே முதற்பாடம் ஏட்டில் இல்லை. கழிப்பறை வாளிகளை மாணவர்களே சுமந்து சென்று, குழி வெட்டிப் புதைத்தனர். நிலத்துக்கு அது உரமாயிற்று. காய்கறித் தோட்டம் தழைத்தது. சாதிச் செருக்கும் அக்குழியிலேயே மட்கத் தொடங்கியது.

வெளியிலிருந்து வரும் தானம் கிராமத்தை மேலும் பலவீனமாக்கும் என்பது தாகூரின் திடமான கருத்து. ஆதலால் கூட்டுறவு நலச் சங்கங்கள் அமைந்தன. கிராமத்தார் தாமே சந்தா செலுத்தி மருத்துவ வசதி பெற்றனர். கொசு பெருகும் குட்டைகளைச் சீர்செய்தனர். நெசவும் தோல்வேலையும் மண்பாண்டத் தொழிலும் புத்துயிர் பெற்றன. 1924-இல் கிராமப் பிள்ளைகளுக்காகச் சிக்ஷா சத்ரா என்னும் பள்ளி எழுந்தது. உழைப்பு மட்டும் இருந்து ஆனந்தம் இல்லையேல் ஊர் வாழாது என்றுணர்ந்த கவி, 1928-இல் ஹலகர்ஷணம் என்னும் ஏர்விழாவையும் ஏற்படுத்தினார்.

பணி எளிதாக நடக்கவில்லை. கிராமத்தாரின் ஐயமும் பணமுடையும் இடையறாது தொடர்ந்தன. எனினும் தாகூர் தளரவில்லை. நாடு முழுவதையும் தம்மால் உயர்த்த இயலாது என்பதை அவர் அறிவார். ஓரிரு கிராமங்களாவது தம் சொந்தக் காலில் நின்றால், அவை பாரதம் முழுமைக்கும் முன்மாதிரியாகும் என்பதே அவரது நம்பிக்கை.

தாகூர் மறைந்த பின், 1951-இல் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஸ்ரீநிகேதன் அதன் அங்கமாகத் தொடர்கிறது. பிறர் தூக்கி நிறுத்தும் ஊர் மீண்டும் சாயும். தானே எழும் ஊரே நிலைக்கும். தாகூரின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.