திண்டிவனத்தில் ஓர் இரவு

குழந்தைகளே! வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அறிவீர்கள். அதற்கு வித்திட்டது விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனம் என்பது தெரியுமா?

ஐடா ஸ்கட்டர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை, அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவ ஊழியர். சிறு வயதில் இங்கே பஞ்சத்தைக் கண்ட ஐடா, அமெரிக்காவிலேயே வசதியாக வாழ விரும்பினார். படிப்பு முடிந்ததும், நோயுற்ற தாயைக் கவனிக்கவே 1890-ல் திண்டிவனம் வந்தார்.

ஓர் இரவு, மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்தனர். ஆண் மருத்துவரை அனுமதிக்க அன்றைய வழக்கம் இடம் தரவில்லை. அதனால் ஐடாவை அழைத்தனர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

ஐடா கலங்கிப்போனார். தன் ஆசையை விட்டார். அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்தார். வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி திறந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் உழைத்து, 1960-ல் கொடைக்கானலில் மறைந்தார்.

தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் பிடித்த உணவை ஒறுப்பது வழக்கம். ஐடா விட்டுக்கொடுத்தது தான் விரும்பிய வாழ்க்கையை! அதனால் எத்தனையோ தாய்மார்கள் பிழைத்தனர். பிறர் வாழ நாம் எதை விட்டுக்கொடுப்போம்? சிந்தியுங்கள், செல்லங்களே!