பச்சையப்ப முதலியார்

பச்சையப்ப முதலியார் (1754 - மார்ச் 31, 1794) கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னையில் வாழ்ந்த துபாசியும் வணிகரும் கொடையாளரும் ஆவார். இவர் எழுதிய உயிலின் வழியே பச்சையப்பன் அறக்கட்டளையும் பச்சையப்பன் கல்லூரியும் தோன்றின.

வாழ்க்கை

இவர் பெரியபாளையத்தில் பிறந்தார். பிறக்கும் முன்பே தந்தை விசுவநாத முதலியார் இறந்துவிட்டார். வறுமையுற்ற தாய் பூச்சி அம்மாள் பிள்ளைகளுடன் சென்னைக்கு வந்து, பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாசியின் ஆதரவைப் பெற்றார். அவரிடம் தொழில் கற்ற பச்சையப்பர், ஆங்கிலேயருக்குத் துபாசியாகவும், வரி வசூல், கடன் கொடுத்தல் முதலிய தொழில்களாலும் இளம் வயதிலேயே பெருஞ்செல்வரானார். தஞ்சாவூர் அரசுடனும் இவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. சென்னையில் கோமளீசுவரன்பேட்டையில் வாழ்ந்தார்.

உயில்

நோயுற்ற நிலையில், 1794 மார்ச் 22 அன்று இவர் உயில் எழுதினார். கோயில் வழிபாடு, அன்னதானம் முதலிய அறப்பணிகளுக்குத் தம் செல்வத்தை ஒதுக்கினார். ஒன்பது நாட்களில், தமது நாற்பதாம் வயதில் காலமானார். இந்துக்களின் உயில்களுக்கென அப்போது தனிச் சட்டம் இல்லை. இந்து உயில்கள் சட்டம் 1870-இல்தான் இயற்றப்பட்டது.

வழக்குகள்

இவரது மறைவுக்குப் பின் சொத்து குறித்து உறவினர்களுக்கும் நிர்வகித்தவர்களுக்கும் இடையே வழக்குகள் எழுந்தன. உயிலில் கூறப்பட்ட அறங்கள் பல ஆண்டுகள் முறையாக நடைபெறவில்லை. வழக்கு 1801-இல் நிறுவப்பட்ட சென்னை உச்ச நீதிமன்றத்தில் நெடுங்காலம் நடந்தது. அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் அறநிதியை மீட்பதில் முக்கியப் பங்காற்றினார். வழக்கு நீண்ட காலத்தில் வட்டியும் சேர்ந்து நிதி பெருகியிருந்தது. சமய அறங்களுக்கு வேண்டியது போக எஞ்சிய பணத்தைக் கல்விக்குச் செலவிட நீதிமன்றம் வழிவகுத்தது. நிர்வாகம் இந்து அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

கல்வி நிறுவனங்கள்

1842 சனவரி 1 அன்று, பச்சையப்பர் இறந்து ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்குப் பின், சென்னை பிராட்வேயில் பள்ளி தொடங்கப்பட்டது. கிரேக்கக் கோயிலின் சாயலில் எசுபிளனேடில் எழுப்பப்பட்ட பச்சையப்பன் மண்டபம் 1850-இல் திறக்கப்பட்டது. பள்ளி 1889-இல் முதல்நிலைக் கல்லூரியாயிற்று. 1940-இல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறியது. கணித மேதை இராமானுசனும் முன்னாள் முதலமைச்சர் கா. ந. அண்ணாதுரையும் இங்குப் பயின்றவர்கள்.

உயிலில் முதன்மை பெற்றவை கோயில் அறங்களே. எனினும், வழக்கில் சிக்கி மீண்ட நிதி கல்விக்குத் திரும்பியதால், இன்று இவர் பெயர் பெரிதும் கல்லூரியாலேயே அறியப்படுகிறது.